பின் சீட்டில் படுத்துப் பார்த்து வாங்கிய கார்

எங்கள் வீட்டு முன்கதவு காற்றுக்கு அடித்துச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புக் கம்பியை அடை கொடுத்து வைத்திருக்கிறோம். இரண்டு இடத்தில் மடங்கிய கம்பி. கை பிடிக்கும் பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். பழைய அம்பாசிடர் காரின் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் அது. சாவி போட்டு எஞ்சின் பிடிக்காத நாட்களில், இதைக் காரின் மூக்கிலுள்ள ஓட்டைக்குள் விட்டுச் சுற்றி எழுப்புவோம். இப்போது கார் ஓட்டுகிற பையன்களுக்கு இது இன்னதென்றே தெரியாது. என் மொதலாளி தம் கையால் கொடுத்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதை ஒரு வெகுமதி என்று நினைக்கிறார்கள். கேட்கிறவர்களிடம் நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

மொதலாளிக்குத் திருச்செங்கோட்டில், ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற இரண்டு ரிக் லாரிகள் இருந்தன. எழுபதுகளின் கடைசியில் கிணறெல்லாம் வறண்டு, போர் போடச் சொல்லி ஊர் ஊராக ஆள் வந்த காலம். ஒரு ரிக் எருமப்பட்டிப் பக்கம் நிற்கும், இன்னொன்று ஆந்திராவில் நிற்கும். இரண்டையும் அவர் தம் கண்ணாலேயே பார்த்தாக வேண்டும். காலையில் இங்கே காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாடு இருநூறு மைல் தள்ளித்தான். ஓட்டுவது நான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான். மற்றதெல்லாம் ரோட்டில் கற்றதும் ஆட்களின் வாயிலிருந்து கேட்டதும்தான்.

அவருக்கு முதுகு சரியில்லை. முன்பு ஒரு தரம் ரிக்கில் தூக்கிய பைப், கொக்கி நழுவி முதுகில் விழுந்திருந்தது. வண்டி ஒரு குழியில் இறங்கினால் போதும், வலி அவருக்கு இடுப்பிலிருந்து ஏறும். இறங்குவது என் பிடரியில். பின்னாலிருந்து பளாரென்று விழும். "குழி கண்ணுக்குத் தெரியலையாடா?" என்பார். அடித்துப் பத்து மைல் தாண்டியிருக்கும். பிறகு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி எனக்கு மட்டும் வடை வாங்கிக் கொடுப்பார். ரிக்கில் துளை போடுகிற டிரில்லர் ஒருவன் சொல்லுவான்: "மொதலாளி அடிச்சா வலிக்காதுப்பா. அடுத்தது எப்ப வரும்னு இருக்கறதுதான் வலி." என் சம்சாரம் அதையே வேறு மாதிரிச் சொல்லுவாள்: "சம்பளம் கெடக்குதுங்க, தலைய முழுசா ஊட்டுக்குக் கொண்டாந்து சேருங்க போதும்."

அப்போது ஓட்டியது ஒரு பழைய ஜீப். பட்டாளத்திலிருந்து கழித்துவிட்ட வண்டி, எலும்பு எலும்பாக ஆட்டும். ஒரு நாள் மேட்டூர் ரோட்டில் அச்சு முறிந்து, அவர் சீட்டிலிருந்து தூக்கியெறியப்பட்டுக் கீழே விழுந்தார். எழுந்து வந்து என்னை அடித்த அடியில் என் காதில் இரண்டு நாள் வண்டுச் சத்தம் கேட்டது. டாக்டர் இனி ஜீப் ஆகாது என்று சொல்லிவிட்டார். புது வண்டிக்கு எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க அவருக்குப் பொறுமை ஏது? சேலத்தில் கார் புரோக்கர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். மொதலாளி எதிர் டீக்கடையில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டார். "நீயே பாத்து எட்றா. இதுவும் வழியில நின்னுச்சு, வண்டியோட சேத்து உன்னையும் அங்கயே பொதச்சுப் போடுவேன்."

கொட்டகையில் மூன்று கார்கள் நின்றன. மீட்டரை நான் பார்க்கவேயில்லை. அதை யார் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். பிரேக் மிதியின் ரப்பரைப் பார்த்தேன், அதன் தேய்மானம் பொய் சொல்லாது. தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். அடிபட்டு மேலே பூசி மறைத்த இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தேன். சின்னப் பியட் ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பின்னால் காலை நீட்ட முடியாது. இன்னொன்றின் புகை நீலமாக வந்தது, எஞ்சின் ஆயிலைத் தின்கிறது. மூன்றாவது, ஒரு டாக்டர் வைத்திருந்த கறுப்பு அம்பாசிடர். சாவியைப் புரோக்கர் கையில் கொடுத்து, "நீங்க ஓட்டுங்க, கல்லுக்குவாரி ரோட்டுல போங்க" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஏண்ணே, வண்டி பாக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" அவருக்கு என்ன தெரியும்? அந்தச் சீட்டின் ஒவ்வொரு குலுக்கலும் என் பிடரிக்கு வரப்போவது. நான் மொதலாளியின் முதுகைக்கொண்டு அந்த ரோட்டை அளந்தேன். லாரி போய்ப் போய்க் குண்டும் குழியுமான ரோடு. கார் தொட்டில் மாதிரிப் போயிற்று.

திரும்பி வந்து சாவியைப் பத்துத் தடவை திருகிப் பார்த்தேன். ஒன்பது தடவை பிடித்தது. ஒரு தடவை மட்டும் ஸ்டார்ட்டர் 'கிர்ர்' என்று வெறுமனே சுற்றி நின்றது. உள்ளே ஸ்டார்ட்டர் கடிக்கிற சக்கரத்தின் பல் ஓரிடத்தில் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் அந்த இடத்தில் வந்து நின்றால் பிடிக்காது. இறங்கி ஹேண்டிலால் அரைச் சுற்றுச் சுற்றி இடத்தை மாற்ற வேண்டும். எனக்கு அது அப்போதே தெரியும். புரோக்கர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதான் ஹேண்டில் இருக்குதுல்லண்ணே" என்றார். நான் டீக்கடைக்குப் போய், "குறை ஒண்ணுமில்லீங்க, இதையே எடுத்துக்கலாமுங்க" என்றேன். அந்த நிமிஷம் நான் நினைத்தது என் பிடரியை மட்டும்தான்.

எட்டு மாதம் என்மேல் ஓர் அடிகூட விழவில்லை. மொதலாளி பின்னால் குறட்டை விடுவார். எங்கே நிறுத்தினாலும் ஹேண்டிலை என் சீட்டுக்கடியில் தயாராக வைத்திருப்பேன். இரண்டு மூன்று முறை அவர் தூங்கும்போதே இறங்கி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

பிறகு எருமப்பட்டிக்கு அப்பால் ஒரு புன்செய்க் காட்டில் அது நடந்தது. நட்ட நடு மத்தியானம். மூன்று இடத்தில் ஓட்டை போட்டும் புழுதிதான் வந்தது. காட்டுக்காரர் வயசாளி, மண்ணை அள்ளி மொதலாளியின் காலடியில் போட்டு, "என்னுங்க, இதையா நான் குடிக்கறது?" என்று கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள் மொதலாளியின் கை அவர் கன்னத்தில் இறங்கிவிட்டது. அந்தக் கிழவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், காடே எழுந்து வந்தது. ஒரு கூட்டம் ரிக் லாரியைச் சூழ்ந்து கல்லெறிந்தது. டிரில்லரின் மண்டை உடைந்து, ரத்தம் கண்ணை மறைக்க அவன் குழாய்களுக்கு நடுவே தடவித் தடவி ஊர்ந்தான். மொதலாளியைக் காருக்குள் தள்ளிச் சாவியைத் திருகினேன்.

'கிர்ர்.'

ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினேன். ஓட்டையில் விட்டு அரைச் சுற்றுச் சுற்றினேன். நிமிர்வதற்குள் பின் கதவைத் திறந்து அவரை இழுத்துக் கீழே போட்டுவிட்டார்கள். கிழவரின் மகன், என் வயசுதான் இருக்கும், மம்பட்டிக் காம்பை ஓங்கி முதுகில் அடித்தான். மொதலாளி குப்புறக் கிடந்தார். முகம் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவே நாலு எட்டு வைக்கிற தூரம். கையில் இரும்பு. நான் நின்றேன். பயத்தில் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பயமில்லை. ஒன்று என்று எண்ணினேன். இரண்டு. மூன்றாவது அடி பிடரிக்குக் கிட்டத்தில் விழுந்தது. அப்போது எனக்குள் ஏதோ இனித்தது. அந்த இனிப்பைக் கண்டுதான் பயந்தேன். நாலாவதற்கு ஓங்கிய கையை ஹேண்டிலால் அடித்தேன். பச்சைக் கிளை முறிகிற மாதிரிச் சத்தம். அவன் "அம்மா" என்று உட்கார்ந்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் அப்பனுக்காக அடித்தான்.

மொதலாளியைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டேன். சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்தது. எறிந்த கல்லில் பின் கண்ணாடி உடைந்து அவர்மேல் கொட்டியது. நாமக்கல் ஆஸ்பத்திரி வரை வண்டிப்பாதையில் விரட்டினேன், கார் குலுங்கவில்லை. என் பிடரி மட்டும் வழியெல்லாம் எதையோ எதிர்பார்த்து இறுகியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் என்னை அடித்ததே இல்லை. 'டேய்' போய் 'சாமி' ஆனேன். பந்தியில் நாலு பேர் நடுவே என்னைக் காட்டி, "எம்பட உசுரு இவன் குடுத்தது" என்பார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன். இன்னும் ஐந்தாறு வருஷம் அதே காரை ஓட்டினோம். ஸ்டார்ட்டர் சக்கரத்தை மட்டும் மறுவாரமே மாற்றிவிட்டேன்.

அந்தக் காரை விற்ற அன்று, வாங்கினவர் வண்டியைத் திருப்பும்போது மொதலாளி கைகாட்டி நிறுத்தினார். குனிய முடியாத முதுகோடு குனிந்து முன் சீட்டுக்கடியில் துழாவி ஹேண்டிலை எடுத்தார். என் கையில் கொடுத்துவிட்டு அதை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"மூணு," என்றார். "நானும் எண்ணுனேன், சாமி."

நான் தலைகுனிந்து நின்றேன். அவர் கை உயர்ந்தது. விழட்டும் என்றுதான் இருந்தேன். விழவில்லை, சட்டைக்காலரில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எருமப்பட்டிக்கு அப்பால் ஒருவன், இருந்தால் என் வயசுக்காரன், கோணலாகக் கூடின கையோடு இருப்பான். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஆடிக் காற்றுக்குக் கதவு படாரென்று அடிக்கும்போது சம்சாரம் சமையல்கட்டிலிருந்து, "அந்தக் கம்பிய அடை குடுங்க" என்று சத்தம் போடுகிறாள். எடுக்கக் குனிகிறேன். எழுபது வயசாகியும், குனியும்போது பிடரி தானாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. கம்பியைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு, மூன்று எண்ணுகிற நேரம் அப்படியே இருந்துவிட்டு, பிறகுதான் நிமிர்கிறேன்.