சரிவில் இறங்கிய லேத் மெஷின்

ராஜலிங்கம் அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வேலை தேடி வந்தவர். இப்போது இந்தப் பக்கத்தில் எந்தப் பட்டறைக்குக் கனமான இயந்திரம் இறக்குவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார். ஆப்புகளைத் தட்டிப் பார்ப்பார். சரிவான இடமென்றால், இயந்திரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு பூனை நின்றாலும் வேலையை நிறுத்திவிடுவார்.

"சறுக்குறப்ப அது நம்மகிட்ட சொல்லிட்டா சறுக்கும்?" என்பார். நாங்கள் சிரிப்போம்.

அவருக்கு இன்னொரு பயமும் உண்டு. வேலை தொடங்குமுன், சமதரையில், முதல் உருளைக் குழாயின் கீழ் ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், வைத்து நசுக்காமல் எதையும் நகர்த்த மாட்டார். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவர் மனசு நிம்மதியாக இருந்தால் எங்கள் கைகால் பத்திரம் என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

அம்பிட்டியவில் பளீல் ஹாஜியாரின் புதுப் பட்டறை, தெருவிலிருந்து இறங்கும் சரிவின் அடியில் இருந்தது. இரும்பு கடைகிற ஒன்றரைத் தொன் லேத் மெஷின். பலகை பரப்பி, அதன்மேல் இரும்புக் குழாய்களை உருளவிட்டு, மெஷினில் கட்டி மேலே பலா மரத்தில் சுற்றிய கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்க வேண்டும். கயிறு என் கையில். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் எல்லோருக்கும் அவசரம். பாதிச் சரிவில் தூறல் விழுந்தது. அண்ணனின் முகம் அப்படியே வெளிறிப்போனது.

"ஐயோ பஹ்மி, தேசிக்கா வைக்கலையே!"

"பரவால்ல அண்ணே, மழ வருது. கீழ எறக்கிட்டு வைங்க" என்றேன்.

அவர் கேட்கவில்லை. காயை எடுத்துக்கொண்டு, வேறு எவரையும் நிற்கவிடாத அந்தக் கீழ்ப்பக்கத்துக்கே போய்க் குந்தினார். பயம் அந்த மனிதரின் கண்ணையே மறைத்துவிட்டது.

நனைந்த மரத்தில் கயிறு வழுக்கியது. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மெஷின் ஒரு முழம் இறங்கி நின்றது. அண்ணனின் காற்சட்டைக் கால், முன்குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. மெஷின் அவர் முழங்காலை உரசியபடி நின்றது.

ஹாஜியார் அவரிடம் ஓடினார்.

"கீழ வராதீங்க!" அண்ணன் கத்தினார். அழுகிற குரல். "பக்கத்துல நின்னு ஆப்ப அடிங்க. பஹ்மி, கயித்த விட்டுறாதடா. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

யா அல்லாஹ், என் கையை விடவைத்துவிடாதே என்று கெஞ்சினேன். லொறிச் சாரதி கணேஸ் பக்கவாட்டில் படுத்து ஆப்புகளை அடித்து இறுக்கினான். ஹாஜியார் ஓரமாக நின்று கத்தியை நீட்டினார். அண்ணன் காற்சட்டையைத் தானே அறுத்துக்கொண்டு பக்கமாக உருண்டு வெளியே வந்தார்.

கணேஸ் கயிற்றின் நுனியை மரத்தில் இறுகக் கட்டினான். "விடு பஹ்மி, கட்டியாச்சு" என்றான். எனக்கும் அது தெரிந்தது. ஆனால் விரல்கள் விரியவில்லை. அண்ணன் இன்னும் மெஷினுக்குக் கீழ்ப்பக்கமே குந்தியிருப்பதாகத்தான் என் கைக்குத் தோன்றியது.

கிழிந்த காற்சட்டையோடு அண்ணன் சரிவில் ஏறி வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"விடு தம்பி. நான் மேலதான் நிக்கிறேன்."