அக்கா கேட்ட கயிறு

இந்த ஊரில் குடிக்காமல் இருந்ததற்குக் கேக் வெட்டுகிறார்கள். கனடாவின் வின்னிபெக்கில் நான் வேலை பார்க்கும், குடியை விடும் பெண்களுக்கான சிகிச்சை மையத்துக்கு மாதத்தில் இரண்டு கேக்காவது வந்துவிடும். போன வாரம் லொரேன் என்ற அம்மாள் குடிக்காமல் ஒரு வருடத்தை முடித்தார். எனக்கு ஒரு துண்டை நீட்டியபடி, “உங்கள் ஊரில் பெண்களுக்கு எப்படிக் கொண்டாடுவார்கள்?” என்று கேட்டார். “எங்கள் ஊரில் பெண்கள் குடிப்பதில்லை” என்று என் வாய் தானாகச் சொன்னது. “கொடுத்துவைத்தவர்கள்” என்றார் அவர், மெய்யாகவே சந்தோஷப்பட்டு. போதையிலிருந்து பெண்கள் மீள்வதைப் பற்றிப் பதினோரு வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள் நான். வெட்கமாக இருந்தது.

என் அக்கா செல்வி காசிமேட்டில் மீன் விற்றவள். விடியுமுன்னே ஏலத்துக்குப் போய், ஐஸில் கை மரத்து, இடுப்பு விட்டுப்போய் வருவாள். மாமா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடத்திலிருந்து குடித்தாள். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் ஆண் குடித்தால் ஊரே நியாயம் பேசும், பெண் குடித்தால் அவளுக்கு வயிற்றுவலி என்று சொல்லி மூடிவிடும்.

எங்கள் பக்கம் குடியை விட நினைக்கும் ஆணைக் கோயிலுக்கு அழைத்துப்போய், சாமி முன் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவார்கள். பெண்டாட்டி, மச்சான், தோஸ்து என்று ஆட்டோ நிறையக் கூட்டம் போகும். மூன்று வருடம் முன்பு நான் லீவில் போயிருந்தபோது, அக்கா மீன் கழுவிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“எனுக்கும் ஒரு கவுறு கட்டிக்கினு வரலாமாடி? நீ கூட வந்தா போறேன்.”

படித்த திமிர் எனக்கு. “கயிறெல்லாம் சும்மாக்கா. நல்ல டாக்டரா பாத்து ஏற்பாடு பண்றேன்” என்றேன். அந்த ஆம்பளை வரிசையில் அக்காவோடு நிற்கக் கூச்சமாகவும் இருந்தது, அதுதான் உண்மை. இரண்டு மையங்களுக்குப் போன் செய்தேன். ஒன்றில் பெண்களுக்கு இடமே இல்லை. இன்னொன்றில், கூடத் தங்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். எனக்கு லீவு முடிந்துவிட்டது. அக்கா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. போனில், “துன்னியா, அங்க குளிரு எப்டி கீது” என்பதோடு சரி.

உதவி தேடும் பெண் முதல்முறை எப்படிக் கேட்கிறாளோ, அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே கருத்தரங்குகளில் பேசுகிறேன். ஆட்கள் குறித்துக்கொள்கிறார்கள். யாரிடம் கற்றேன் என்று நான் சொல்வதில்லை.

போன மாசியில் அக்கா செத்துப்போனாள். கல்லீரல். நான் போய்ச் சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி, “இன்னா ஆச்சு செல்விக்கு?” என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“மஞ்சக்காமாலை” என்றேன்.

எதிர்வீட்டுக் கன்னியம்மாக்கா நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவுக்கு மார்க்கெட்டில் பக்கத்துக் கூடைக்காரி. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “எந்தச் சீமைக்குப் போனா இன்னாம்மா, நீ நம்ம தெருப் பொண்ணு.”

இத்தனை வருடத்தில் அங்கே யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அழுதேன். அவர் மூச்சில் அக்காவிடம் அடித்த அதே சாராய வாடை அடித்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.