மேலப்படுகையின் தீக்கோடு

1957ஆம் ஆண்டு ஆனி மாதம் காவிரியில் புதுத்தண்ணீர் இறங்கியபோது ஸ்ரீரங்கத்துத் தெருக்குழாய்களில் புகை நாற்றம் அடித்தது. பால் காய்ச்சியவர்கள் அடிப்பிடித்துவிட்டதாக நினைத்துப் பாத்திரத்தை மாற்றினார்கள். மாற்றிய பாத்திரத்திலும் அதே வாடை. ஆற்றுக்கு அக்கரையில், மலைக்கோட்டைக்குக் கீழேயுள்ள சந்துகளில், குழாயிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கியது. குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் குடம் பாதிதான் நிறைந்திருக்கும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊருக்கு மேற்கே, கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே மேலப்படுகை என்றொரு காடு இருந்தது. மருதமும் புங்கனும் மூங்கிலும் நெருங்கி வளர்ந்து, இடையிடையே நாணல் மண்டி, அவற்றின் வேர்கள் ஆற்றங்கரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காட்டுக்குச் சற்றுக் கீழே, ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் நகரத்துக்குக் குடிநீர் போயிற்று. அந்த வைகாசியில் மேல்காற்றோடு வந்த நெருப்பு, காட்டின் மேற்குப் பாதியைத் தின்றுவிட்டது. வேர் வெந்த கரை சரிந்தது. புதுத்தண்ணீர் அந்தச் சாம்பலையும் சேற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, கிணறுகளின் மேலிருந்த மணலில் ஆடை போலப் படியவைத்தது. மணலுக்குள் தண்ணீர் இறங்க வழியில்லை.

அந்தப் படுகைக்குக் காவல் சந்திரம்மாள். லால்குடிப் பக்கத்தில் பிறந்து, படுகைக் காவலர் ராமருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பல வருடம் நாணல் அறுத்துப் பிழைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ராமர் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, நகரசபை அவளையே காவலுக்கு வைத்தது. ‘தகுந்த ஆள் கிடைக்கும்வரை’ என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. தகுந்த ஆள் என்றால் ஆண்பிள்ளை என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழாய்கள் நாறிய அந்த மாதமே நகரசபை ஓவர்சியர் ரங்கசாமி சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு அவள் குடிசைக்கு இறங்கி வந்தார்.

“ஒரு வாய் தண்ணி குடும்மா. ஊத்துத் தண்ணியா குடு. குழாய்த் தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கே கரியாயிடுச்சு.”

குடித்து முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அடுத்த கோடையில் இன்னொரு தீ வந்தால், படுகை மரங்களை ஏலம் விட்டு, நிலத்தை வாழைக்குக் குத்தகை கொடுப்பதென்று சபையில் பேச்சு முடிந்துவிட்டது.

“வாழை கரையைப் பிடிக்குமாய்யா?”

“பிடிக்காது. எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா வாழை எரியாது பாரு. வரி கட்டுறவன் புகைத்தண்ணியைக் கொண்டாந்து மேசையில வச்சுட்டு நிக்கிறான். ஏதாவது செஞ்சோம்னு காட்டணுமில்ல?”

“அப்ப எனக்கு?”

“வாழைத் தோப்புக்குக் குத்தகைக்காரன் காவல் வச்சுக்குவான்.” ரங்கசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு, பச்சைமலைக் காட்டில் வேலை பார்க்கும் தன் மைத்துனர் சொன்ன ஒரு வழியைச் சொன்னார். மலையில் கோடைக்கு முன்பே காட்டின் குறுக்கே அகலமாக ஒரு பட்டையை வெட்டி வெறுந்தரையாக்கிவிடுவார்களாம். தீக்கோடு என்று அதற்குப் பெயர். நெருப்பு அதுவரை வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். “ஆனா கூலிக்குச் சபையில காசு கேக்காதே. வாயைத் திறந்தாலே வாழைங்கிறாங்க.”

சந்திரம்மாள் மறுநாளே பாலத்தைக் கடந்து, மலைக்கோட்டைக்குக் கீழே மூங்கிலும் தட்டியும் விற்கும் மீரான் ராவுத்தரின் கடைக்குப் போனாள். மிஞ்சிய மரங்களின் மேற்கு ஓரமாக, கரையிலிருந்து ஆற்றுவரை குறுக்கே எட்டு வண்டி அகலத்துக்கு நாணலை அறுத்துக்கொள்ளலாம். அறுப்புக்கூலி அவருடையது, நாணலும் அவருடையது என்று பேசினாள். ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு, “கறுத்த நாணலை என் தலையில கட்டக் கூடாது. காய்ஞ்சு பொன்னாட்டம் இருக்கணும்” என்றார். சபைக்கு எழுதிச் சம்மதம் வாங்கும் வேலையை ரங்கசாமி ஏற்றுக்கொண்டார்.

அறுப்பது ஒரு பாதிதான் என்று அவளுக்குத் தெரியும். நாணல் அறுத்த இடத்தில் ஒரே மழையில் குருத்து கிளம்பிவிடும். மற்றொரு பாதி சின்னையன் கையில் இருந்தது. நூறு நூற்றைம்பது வெள்ளாடுகளோடு கரையோரமாக அலைகிறவர். சித்திரைதோறும் காய்ந்த நாணலில் ஒரு குச்சியைக் கிழித்துப் போடுவார். கரிந்த தூரிலிருந்து வரும் இளங்குருத்து ஆடுகளுக்குத் தேன். அவர் வைக்கும் தீ அவர் சொன்ன இடத்தில்தான் நிற்கும். ஆனால் அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். அவர்கள் வைத்தது எங்கேயும் நிற்கவில்லை.

“வைகாசித் தீ நான் வச்சதில்ல, சந்திரா” என்று அவர் வாயைத் திறக்கும்போதே ஆரம்பித்தார்.

“வச்சீங்கன்னு யாரு சொன்னா, அண்ணே? குருத்து வேணுமா வேணாமா, அதைச் சொல்லுங்க.”

“உன் காட்டுல ஆடு நுழைஞ்சா தண்டம் கட்டி மீக்கிற பட்டியில கொண்டுபோய் அடைக்கிற ஆளு நீ. உன் புருசனாவது வெத்தலை குடுத்தா பாத்தும் பாக்காத மாதிரி போவான்.”

“அவரு வெத்தலைக்குப் போனாரு, நான் வேலைக்கு வந்திருக்கேன். கோடு அறுத்ததும் குருத்து வரும். வருசம் பூரா அந்தப் பட்டையில உங்க ஆட்டுக்கு மட்டும் அனுமதி. கோட்டைத் தாண்டி ஒரு குட்டி மரத்துப் பக்கம் வந்தாலும் பட்டிதான். நெருப்புக் குச்சியை மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க.”

“பீடிக்கு?”

“எங்கிட்ட வந்து பத்த வச்சுக்கங்க.”

சின்னையன் சிரித்துவிட்டார். மார்கழியில் முதல் அறுப்பு முடிந்து குருத்து தலைகாட்டியதும் ஆடுகள் இறங்கின. பங்குனிக்குள் அந்தப் பட்டை மொட்டையடித்த தலை போலாகிவிட்டது. ரங்கசாமி வந்து பார்த்து, மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தவர் பொடி போட மறந்து நின்றார்.

தவறு நடந்தது அதற்குப் பிறகுதான். சித்திரையில் ராவுத்தர் இன்னும் கொஞ்சம் நாணல் கேட்டார். கோட்டின் மேற்கு ஓரத்தில், அறுப்புக்கூலிக்கு வந்த லூர்துராணியும் மற்றப் பெண்களும் அறுத்துக் கட்டுக் கட்டினார்கள். அறுத்த நாணல் காய வேண்டும். மர நிழலில் போட்டால் கறுத்துப்போகும். அந்தக் காட்டில் நாள் முழுவதும் வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான்: அவர்களே வெட்டிய தீக்கோடு. நாணல் அறுத்துப் பழகிய எந்தக் கையும் கட்டுகளை அங்கேதான் கொண்டுபோய்ப் போடும். சந்திரம்மாளின் கையும் அப்படியே போட்டது. ராவுத்தரின் வண்டிகள் வரத் தாமதமாயிற்று. வைகாசி பிறந்தபோது வெறுந்தரையின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, பொன்னாட்டம் காய்ந்த கட்டுகள் வரிசையாகக் கிடந்தன.

மேல்காற்று கிளம்பிய ஒரு முற்பகலில் மேற்கே புகை எழுந்தது. யார் வைத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. சந்திரம்மாள் கரைமீது ஏறிப் பார்த்தாள். புகையைப் பார்த்த கண் தானாகக் கோட்டுக்குத் திரும்பியது. அந்தக் கட்டுகளை அவள் அப்போதுதான் நெருப்பின் கண்ணால் பார்த்தாள். தீ நடந்து வருவதற்குத் தானே பாலம் போட்டு வைத்திருப்பது புரிந்தது. கரையிலிருந்து ஓடி இறங்கினாள்.

“அடியே ராணி! கட்டுங்களையெல்லாம் இழுங்கடி!”

“எங்கக்கா இழுக்குறது? மரத்துப் பக்கம் போட்டா காடு போச்சு, ஆத்துக்குக் கொண்டுபோக நேரமில்ல!”

சின்னையன் ஆடுகளைக் கரைக்கு மேல் ஓட்டிவிட்டு இறங்கி வந்தார். காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஒரு கணம் நின்றார். “மேக்கால தள்ளுங்க. நாணலுக்குள்ளயே கொண்டுபோய்ப் போடுங்க. கட்டை அவுத்துப் பரப்பணும். குவியலா விட்டா பொறி பறந்து தாண்டிடும்.”

“நெருப்புக்கே கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றீங்களா?” என்றாள் லூர்துராணி.

“ஆமா. அது வந்து கேக்கறதுக்கு முன்னால நாமளே குடுத்துடுவோம்.” சந்திரம்மாளிடம் கையை நீட்டினார். “என் குச்சியைக் குடு.”

முந்தானை முடிச்சில் நெருப்புப்பெட்டி இருந்தது. படுகையில் யாரும் தீ வைக்கக் கூடாது என்பது அவளுடைய உத்தியோகத்தின் முதல் விதி. மேற்கே வருவது கோட்டைத் தாண்டினாலும் காடு போகும். இவர் வைப்பது கைமீறினாலும் காடு போகும், அப்போது தீ வைத்தவள் காவல்காரியாகவே இருப்பாள். முடிச்சை அவிழ்த்தாள். பெட்டியை அவரிடம் கொடுக்கவில்லை.

“எங்க வைக்கணும், சொல்லுங்க. நான் வைக்கிறேன். நாளைக்குக் கேட்டா உங்க பேரு வரக் கூடாது.”

பெண்கள் கட்டுகளை இழுத்து, அவிழ்த்து, மேற்கு ஓரத்து நாணலுக்குள் விசிறினார்கள். கோட்டில் ஒரு நாணல் தாள் மிஞ்சாமல் லூர்துராணி விளக்குமாற்றால் பெருக்கினாள். சின்னையன் கோலால் காட்டிய இடங்களில் சந்திரம்மாள் குனிந்து குனிந்து பற்றவைத்தாள். அந்தச் சிறு தீ காற்றுக்கு எதிராக, மனமில்லாமல், அடிமேல் அடி வைத்து மேற்கே நகர்ந்தது. பறந்துவந்த பொறிகளை மற்றவர்கள் ஈரச்சாக்கும் புங்கங்கொப்பும் கொண்டு அடித்தார்கள். ஒருமுறை மருதமரத்தடிச் சருகு பிடித்துக்கொண்டது. லூர்துராணி குடத்தோடு தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தாள்.

பெரிய தீ பனை உயரத்துக்கு வந்தது. நாணல் வெடிக்கும் ஓசையில் பேச்சு கேட்கவில்லை. இரண்டும் கோட்டுக்கு மேற்கே எதிரெதிரே நெருங்கி, ஒன்றையொன்று கண்டு எழும்பி, ஒருசேரக் கூரையாகக் கவிந்தன. பிறகு, யாரோ திரியை உள்ளிழுத்தாற்போல, தாழ்ந்துபோயின. தின்ன எதுவும் இல்லை. கோட்டுக்குக் கிழக்கே ஒரு மூங்கிலும் கருகவில்லை.

“நின்னுடுச்சுக்கா” என்றாள் லூர்துராணி, ஏதோ பஸ்ஸைச் சொல்வது போல. பிறகுதான் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சின்னையன் எரிந்துகொண்டிருந்த ஒரு நாணல் தாளை எடுத்துப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

மாலையில் மீரான் ராவுத்தரின் வண்டிகள் வந்து சேர்ந்தன. சந்திரம்மாள் சாம்பலைக் காட்டி, “உங்க நாணல் இதுதான், ராவுத்தரே. தப்பு என் மேலதான், கோட்டுல காயப்போட்டது நான்” என்றாள்.

ராவுத்தர் கரிந்த மேற்கையும் பச்சையாக நின்ற கிழக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “வண்டி பிந்துனது என் தப்பும்மா. போகட்டும், என் கடைக்கும் அந்தக் குழாய்த் தண்ணிதான்” என்றார். “அடுத்த தடவை எங்க காயப்போடுவ?”

“கரைக்கு அந்தாண்டைச் சரிவுல. அறுத்த கையோட வண்டி வரணும்.”

ஆனியில் புதுத்தண்ணீர் வந்தது. ரங்கசாமி, கோடையில் சேறு வழித்துச் சுத்தம் செய்திருந்த கிணற்று மணலை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுச் சிறுபிள்ளை போலச் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே கரையில் வந்தார். தீ வைத்தது யார் என்று சபையில் கேள்வி வந்தபோது, காவலரே வைத்தார், வைத்ததனால்தான் காடு இருக்கிறது என்று எழுத்திலேயே சொல்லியிருந்தார். வாழைப் பேச்சு அதோடு நின்றது. ஆடியில் சந்திரம்மாள் நகருக்குப் போய் உத்தரவைக் கையில் வாங்கினாள். அதில் ‘தகுந்த ஆள் கிடைக்கும்வரை’ என்ற வரி இல்லை. அந்த உத்தரவின்படி 1967வரை அவள் மேலப்படுகைக்குக் காவல் இருந்தாள். அத்தனை கோடைகளில் எந்தத் தீயும் கோட்டைத் தாண்டவில்லை.

உத்தரவு வாங்கிய அன்று திரும்பும் வழியில், மலைக்கோட்டைச் சந்தில் ஒரு தெருக்குழாயைக் கண்டாள். விரல் தடிமனில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து ஆற்றையும் ஊற்றையும் குடித்தவள். குழாய்த் தண்ணீரை வாயில் வைத்ததில்லை.

“ஒரு கை குடிச்சுட்டுப் போயிடறேம்மா.”

“எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. வரிசையில நில்லுங்க” என்றாள் குடத்துக்காரி ஒருத்தி.

சந்திரம்மாள் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை. நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு மூன்றாவது கை.

“என்ன, தேனா கொட்டுது?” என்று பின்னாலிருந்தவள் குடத்தால் இடித்தாள்.

“இல்லம்மா” என்று நிமிர்ந்தாள் சந்திரம்மாள், முகமெல்லாம் ஈரமும் சிரிப்புமாக. “வெறும் தண்ணிதான்.”