டொக்கு அண்ணன் போட்ட குறி

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டு, காதை ஒட்டவைத்து ஒரு நிமிடம், மறுபடியும் ஒரு தட்டு. பழைய மரச்சாமான் கடையில் வந்து இறங்கும் எதுவும் டொக்கு அண்ணனின் இந்த விசாரணைக்குத் தப்பாது. விற்க வந்தவர், "பத்து வருஷமா எங்க வீட்டுல இருக்கு, ஒரு குறையும் கிடையாது" என்று வாயைத் திறந்தால் போயிற்று, இரண்டு தட்டு எட்டாகிவிடும். "நாம கேக்கவே இல்லையே, இவரு ஏன் சொல்றாரு?" என்பார் முதலாளியிடம், அந்த ஆளுக்கும் கேட்கிற மாதிரி.

தூசி படிந்த அலமாரியை அவர் நம்புவார். பளபளவென்று துடைத்து வந்ததைக் கண்டால்தான் முகம் சுருங்கும். கரையான் போட்ட ஓட்டையில் மெழுகை அடைத்து, மேலே பாலிஷ் பூசிக் கொண்டுவருகிறவர்களை நிறையப் பார்த்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குண்டூசி. சந்தேகமான புள்ளியெல்லாம் குத்து வாங்கும். பிறகு கால்களுக்கு அடியில் கறுப்புத் தாளை விரித்து, சாமானை ஒரு வாரம் ஓரமாக நிறுத்திவைப்பார். கசகசா மாதிரி ஒரே ஒரு மணி தாளில் விழுந்திருந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். ஒன்றும் விழவில்லையென்றால் அடிப்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு குறி. அந்தக் குறியை நம்பித்தான் பலரும் அங்கே வாங்குகிறார்கள்.

"இது மண்ணுல புத்து கட்டுற கரையான் இல்ல சார். இதுக்கு மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். காஞ்ச மரத்துக்குள்ளயே குடும்பம் நடத்தும். தின்னதுல இருக்கற ஈரத்தைக்கூட விடாது, உறிஞ்சிட்டுதான் வெளிய தள்ளும். அதான் அந்த மணி. கண்ணாடி வெச்சுப் பாருங்க, ஆறு பட்டை இருக்கும். வேலைக்குன்னு தனியா ஆளு கிடையாது. பிள்ளைங்கதான் எல்லா வேலையும் பாக்கும், அப்பா அம்மா உக்காந்து சாப்பிடும்." இதைச் சொல்லும்போதும் யார்மீதோ சந்தேகம் வந்த முகம்தான்.

எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது போன மாதம். நாலு வருடம் முன்பு அங்கே வாங்கிய மேசையைத் திரும்பக் கொண்டுபோய் இறக்கினேன். இழுப்பறை நிறைய மணி. அண்ணன் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். வீட்டில் வேறு என்ன மரம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்று குடைந்து எடுத்தார். மேசையைக் கவிழ்த்தார். அவர் குறி அப்படியே இருந்தது. பக்கத்தில் குத்திய குண்டூசி தலைவரை உள்ளே போயிற்று.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பவே உள்ள ஒரு ஜோடி இருந்திருக்கு. சிறகை உதிர்த்துட்டு நுழைஞ்சு வாசலை அடைச்சிட்டா, வருஷக் கணக்குல ஒரு மணிகூட வெளிய வராது. தாளை விரிச்சு என்ன பண்ண?" குண்டூசியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அதே லோடுலதான் சார் என் பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டில் எடுத்தேன். சம்பந்தி வீட்டுல புதுசுதான் வேணும்னாங்க. புதுசுக்கு யாரு பொறுப்பு, இதுக்கு நான் பொறுப்புன்னு சபையில சொன்னேன்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மகள் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தனியாகப் போனால் சந்தேகப்படுவார்களாம்.

"பேரனைப் பாக்க வந்தீங்களா, கட்டிலைப் பாக்க வந்தீங்களா?" என்றாள் மகள். பேரன் கட்டில்மேல் உருண்டு கொண்டிருந்தான். அண்ணன் குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தரை கண்ணாடியாக இருந்தது.

"யாரும்மா கட்டிலுக்கு அடியில இவ்வளவு சுத்தமாப் பெருக்குறது?"

"நான்தான். தினமும்."

"எதுக்கு?"

மாமியார் இருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "சும்மாதான்பா" என்றாள்.

அண்ணன் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். நான் டார்ச் பிடித்தேன். உள்பக்கக் காலில் ஏழெட்டு ஓட்டைகள். எல்லாவற்றிலும் ரோஸ் நிறக் குளியல் சோப்பு, விரல் ரேகை தெரிய அழுத்தி அடைத்திருந்தது. அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. குண்டூசியைத் தொட்டது, எடுக்கவில்லை. சட்டத்தின் அடியில் அவர் போட்ட குறி வெள்ளையாக இருந்தது.

"என்ன சம்பந்தி, கட்டில் எப்படி இருக்கு?" வாசற்படியிலிருந்து மாமியாரின் குரல்.

அண்ணன் கட்டை விரலை நாக்கில் தொட்டு, அந்தக் குறியைத் தேய்த்துத் தேய்த்து அழித்துக் கொண்டிருந்தார்.