கிராம சபைக்கு யார் தலைமை?

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். "ரீட்டா, அமலா போய்ட்டாம்மா." காலையில் நெஞ்சுவலி என்றாராம் அண்ணி. சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்குள் நுழையும் முன்பே மூச்சு நின்றுவிட்டது. கடலூரிலிருந்து பஸ்ஸில் போன வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. அண்ணி பரீட்சைக்குப் படித்த அந்தக் கோடைதான் கண்ணுக்குள் ஓடியது.

அமலா அண்ணியை ஊராட்சித் தலைவராக உங்களில் பலருக்குத் தெரியும். பிச்சாவரம் பக்கத்து எங்கள் ஊரின் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அண்ணன்தான் அவரை நிறுத்தினார். ஜெயித்தது அண்ணி, மாலை விழுந்தது அண்ணன் கழுத்தில். கூட்டங்களில் தலைவர் நாற்காலியில் அண்ணன் உட்காருவார். அண்ணி பெண்களோடு பாயில் இருந்துவிட்டு, கிளார்க் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். ஊரில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

விட்டுப்போன பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுத அண்ணிக்கு ஆசை. நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தவள் என்பதால் அந்தப் பாடம் என் பொறுப்பானது. சனிக்கிழமைகளில் போவேன். மீன் கழுவியபடியே பதில் சொல்வார். குடியரசுத் தலைவர் தேர்தல், மாநிலங்களவை எல்லாம் தடங்கலின்றி வரும். ஒருநாள் உள்ளாட்சிப் பாடத்திலிருந்து கேட்டேன்: "கிராம சபைக்கு யார் தலைமை?"

"உங்க அண்ணன்தான்."

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அண்ணி கையைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "ஊராட்சித் தலைவர்னுதான் போட்டிருக்கு. அவுங்க வூட்டுக்காரர்னு போடலியே ரீட்டா." அதற்குப் பின் அன்று படிப்பு நடக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னார். "மே தின கிராம சபைக் கூட்டத்துல நானே உக்காரலாம்னு இருக்கேன்."

"எங்க?"

"என் சேர்ல."

"செடி கொடி பாடம் படிச்சா மொளைச்சு நிப்பியா நீ? படிக்கிறத பரிச்சையோட வுடு. சேர்ல உக்காந்தின்னா பரிச்சையும் கெடையாது, ஒன்னும் கெடையாது." நடுவில் உட்கார்ந்திருந்த நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மே தினத்தன்று பள்ளிக்கூடக் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. அண்ணன் முன்னதாகவே வந்து நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அண்ணி பாயிலிருந்து எழுந்தார். நேரே நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றார்.

"எழுந்திரிங்க."

"என்னா, டீ சொல்லணுமா?" என்று அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். சிலர் கூடச் சிரித்தார்கள்.

"கூட்டத்த ஆரம்பிக்கணும். எழுந்திரிங்க."

கிளார்க் எழுதுவதை நிறுத்தினார். அண்ணனின் தாடை இறுகியது. அடித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அண்ணி நகரவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, "எழுந்திரி மச்சான், நேரமாவுது பாரு" என்றார். அண்ணன் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அண்ணி உட்கார்ந்து தீர்மானத்தை வாசிக்க எடுத்தார். தாள் நடுங்கியதில் முதல் வரியை இரண்டு தரம் படித்தார்.

பரீட்சை முடியும்வரை அண்ணன் அவரோடு பேசவில்லை. சிதம்பரத்துத் தேர்வு மையத்துக்கு அண்ணி தனியாகவே பஸ்ஸில் வந்தார். நான் கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். வெளியே வந்தவர் முகம் கடுகடுவென்றிருந்தது. "கிராம சபைய கேக்கவே இல்ல ரீட்டா! அவ்ளோ பாடுபட்டு படிச்சேன்." எப்படியோ தேறிவிட்டார். பதவிக்காலம் முடியும்வரை அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

அலுவலகக் கூட்டங்களில், பேச வேண்டிய இடத்தில் நான் நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறவள். அண்ணியின் தைரியம் எனக்கு வராது. ஆனால் அவருக்கும் கை நடுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் விட்டுப்போனதில் அந்த நடுக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.