இரண்டரை அடிச் சதுரம்

எங்கள் வீட்டுக்கு வேன் ஆசை வந்தது ஒரு பிரெஞ்சுத் தம்பதியால். கடற்கரைக்குச் சற்றுத் தள்ளி, மர நிழலில், வெள்ளை வேன் ஒன்றை நிறுத்திவிட்டு அவர்கள் வெளியே நாற்காலி போட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். படுக்கை, சமையல் எல்லாம் வேனுக்குள்ளேயே. என் கணவர் எதையும் எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை பிரெஞ்சை வைத்து நான் நாலு வார்த்தை பேசியதும், அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

என் கணவர் மடக்குக் கட்டிலைப் பார்த்து மயங்கினார். இழுத்தால் மேஜையாகும் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் பின்பக்கம் ஒரு குறுகலான கதவைத் திறந்தார். துணி அலமாரி என்று நினைத்தேன். உள்ளே ஒரு கழிப்பறை இருந்தது. ஒரு ஆள் உட்காரலாம், எழுந்து நிற்கலாம், தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். நான் அதன் முன்னால் நின்ற நேரத்தைப் பார்த்து, அவசரமோ என்று நினைத்து அவர் விளக்கைக்கூடப் போட்டுவிட்டார்.

நான் ஆசிரியையாக இருந்தவள். முதலில் வேலை பார்த்த பள்ளியில் கழிப்பறைச் சாவி தலைமையாசிரியரின் மேஜை இழுப்பறையில் இருக்கும். அவர் எதிரில் நாலு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சாவி கேட்பதை விடத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சுலபம் என்று இருபத்து நாலு வயதில் முடிவு செய்தேன். பிறகு பள்ளிகள் மாறின, பழக்கம் மாறவில்லை. எங்கேயாவது கிளம்ப வேண்டுமென்றால் முந்தின நாள் மாலையிலிருந்தே சொட்டு இறங்காது. கல்யாணம், கோயில், துக்கம், எல்லாப் பயணமும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்ட பயணம்தான். இரண்டு முறை சிறுநீரில் கிருமி வந்து காய்ச்சலில் கிடந்தேன். "நல்லா தண்ணி குடிங்க டீச்சர்" என்றார் டாக்டர். குடிக்கத் தெரியாமலா இருக்கிறேன்? குடித்த பிறகு எங்கே போவது என்று அவர் எழுதித் தரவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம், என் கணவர் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கிக்கொண்டு வந்து லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். "உனக்காகத்தான். இனிமே ஊர் ஊரா போலாம்" என்றார். தெருவே வந்து பார்த்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். அந்தக் குறுகலான கதவுதான் என் கண்முன் நின்றது.

சீட்டையெல்லாம் கழற்றியபின் உள்ளே பத்தரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம். அந்த அளவை மொட்டை மாடியில் சாக்பீஸால் வரைந்தேன். சாக்பீஸ் பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள அந்த வீட்டில் ஆளில்லை. வலது பக்கம் நீளமாக ஒரு பெஞ்சு, விரித்தால் கட்டில். டிரைவருக்குப் பின்னால் அடுப்பு மேடை. நடுவில் நடக்க ஒன்றரை அடி. பின்பக்க இடது மூலையில் இரண்டரைக்கு இரண்டரை அடியில் ஒரு சதுரம் போட்டு, உள்ளே போய் உட்கார்ந்து, எழுந்து, திரும்பிப் பார்த்தேன். முழங்கை இடிக்கவில்லை. மனசு நிறைந்துபோய்க் கீழே இறங்கினேன்.

மறுநாள் காலை மாடிக்குப் போனால் சதுரம் இல்லை. காலால் தேய்த்த தடம் இருந்தது. அங்கே என் கணவரின் சாய்ந்த கையெழுத்தில் 'அலமாரி' என்று எழுதியிருந்தது.

"வேன்ல கக்கூஸா?" என்றார் கேட்டதற்கு. "அதே வண்டியில சமைக்கணும், சாமி படம் வைக்கணும். ஒரே கூரைக்குக் கீழயா?"

"நம்ம வீட்டுல மட்டும் எத்தனை கூரை இருக்கு? படுக்கையறை பாத்ரூம் செவுத்துக்கு அந்தாண்டதானே பூஜை அலமாரி?"

"அது செவுரு. இது பிளைவுட்" என்றார்.

அன்றைக்கே சதுரத்தைத் திரும்பப் போட்டேன்.

இந்த இடத்தில் என் நாத்தனாரைச் சொல்ல வேண்டும். கணவருக்கு மூத்தவர், முதலியார்பேட்டையில் இருக்கிறார், சர்க்கரை நோய்க்காரர். அவர்கள் அப்பா மில் தொழிலாளி. அவர்கள் வளர்ந்த வரிசை வீட்டில் கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருந்தது. வீட்டுக்குள் கக்கூஸ் என்பதே அந்தக் குடும்பத்துக்குப் பாதி வயதில் வந்து சேர்ந்த சமாச்சாரம். தம்பி எதைச் செய்தாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்து, என் கோடுகளைச் சுற்றி நடந்து, முதலில் வாஸ்து பார்த்தார். ஓடுகிற வண்டிக்குத் திசை ஏது என்று கேட்டேன்.

"வீட்டு வாசல்ல நிக்கிறப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்குதோ அதான் கணக்கு" என்றார்.

எங்கள் வாசலில் அது கிழக்கே பார்த்து நின்றது. அக்னி மூலையைத் தேடினோம். அங்கே ஸ்டியரிங் இருந்தது. சரி, அதற்குப் பின்னால் அடுப்பு வரலாம் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். ஈசானியத்தில் சாமி. அப்படியே சுற்றி வந்தால், வாயு மூலையில் என் சதுரம். கழிப்பறைக்கு வாஸ்துவே ஒதுக்கிய மூலை அது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்! "பாருங்க அண்ணி, உங்க கணக்குப்படியே சரியா வருது" என்றேன்.

"அதெல்லாம் வீட்டுக்கும்மா" என்றார் அவர். "அடுப்பையும் கக்கூஸையும் ஒண்ணா ஏத்திக்கிட்டு கோயிலுக்குப் போவியா? வழியில எடமா இல்ல? நாங்கல்லாம் போவல?"

போனீர்கள். எப்படிப் போனீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் ஜெயித்துவிட்டார் என்ற எரிச்சலில் எனக்கு அது தோன்றவேயில்லை.

என் கணவர் மூன்று முறை அழித்தார். மூன்றாம் முறை ஈரத்துணியால், துளிக் கோடு மிச்சமில்லாமல். கோபப்பட்டு அழித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அவர் சீட்டியடித்துக்கொண்டே அழித்தார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "பெட்ரோல் பங்க்ல எல்லாம் இருக்கும்மா, உனக்கென்ன கவல." பங்க் கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி எங்கேயோ போயிருக்கும், திறந்தால் தண்ணீர் வராது, தண்ணீர் வந்தால் தாழ்ப்பாள் இருக்காது. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. அவருக்குத்தான் ரோடு முழுக்க இடமாயிற்றே.

வேலைக்கு விட்டது அரியாங்குப்பத்தில் ஒரு பட்டறையில். ஒருநாள் என் கணவர் இல்லாத நேரமாகப் பார்த்து, பஸ் பிடித்துப் போய் மேஸ்திரியிடம், மாடிக் கோடுகளைத் தாளில் வரைந்து வைத்திருந்த என் படத்தைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர். அலமாரி அளவிலேயே வைத்துவிடலாம், வெளிநாட்டு வண்டிகளில் வருகிற மாதிரி கழற்றிச் சுத்தம் செய்யும் பெட்டி கிடைக்கிறது என்றெல்லாம் ஆர்வமாகப் பேசினார். கடைசியில், "சார்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் டீச்சர்" என்றார். சரி, கேளுங்கள் என்று படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்தவள், எனக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று ஓங்கிச் சொல்லக் கூசிவிட்டேன். இதில் நான் என் கணவரை மட்டும் குறை சொன்னால் அது நியாயமாகாது. ஆனாலும் சொல்வேன்.

முதல் பயணம் தஞ்சாவூர்ப் பக்கம் கோயில்களுக்கு. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அக்கா கையால் கற்பூரம் காட்டிக் கிளம்பினோம். நாங்கள் மூன்று பேர்தான். வண்டியை என் கணவரே ஓட்டினார். புது பிளைவுட் வாசனையில், புது மெத்தையில் நானும் அண்ணியும். வாயு மூலையில் அலமாரி, அதற்குள் ஆறு செட் வேட்டி சட்டை. நான் வழக்கம்போல நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடலூர் தாண்டியதும் சாலை வேலை. வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. முன்னால் ஒரு பஸ், பின்னால் லாரி, இடது பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. அரை மணி நேரம் போனதும் பஸ்ஸிலிருந்து ஆண்கள் இறங்கி அந்தப் பள்ளத்தைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். என் கணவரும் இறங்கிப் போய், கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்.

அண்ணி பேச்சை நிறுத்தியிருந்தார். கால்மேல் கால் இறுக்கி, சேலையை முஷ்டியில் பிடித்து, எதிரே ஒரு ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷம் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரிந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு டம்ளர், ஒரு வாளி, கதவைச் சாத்தி ஒரு போர்வை, ஏதாவது செய்திருக்கலாம். 'நாங்கல்லாம் போவல?' என்ற அந்தக் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டுத்தான் தெரியட்டுமே என்று சும்மா இருந்தேன்.

"தம்பி, கதவத் தெறடா" என்று எழுந்தார். கதவு திறந்தது. வெளியே அத்தனை ஆண்கள். அப்படியே நின்றுவிட்டார். படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நிற்கும்போதே எல்லாம் நடந்துவிட்டது.

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார். நான் அண்ணியை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, போர்வையைப் பிடித்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, வகுப்பில் பாவாடையை நனைத்துவிட்ட குழந்தையைப் போல என்னை நிமிர்ந்து பார்க்காமல் சேலை மாற்றினார்.

"காலைலேர்ந்து ஒரு முழுங்கு தண்ணி குடிக்கலம்மா" என்றார் மெதுவாக. "எப்பவும் குடிக்க மாட்டேன். எங்கேர்ந்துதான் வந்துச்சோ."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. இவரும் என்னைப் போலத்தான் இத்தனை வருஷம் ஊர் சுற்றியிருக்கிறார். தெரிந்தும் என் கோட்டுக்குக் குறுக்கே நின்றார். தெரிந்தும் நான் அவரைக் காப்பாற்றவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், அவருக்கு என் மேல் கோபம் வந்தால் அது நியாயம்தான்.

தஞ்சாவூர் போகவில்லை. நெரிசல் விட்டதும் வண்டி திரும்பியது.

மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் என் கணவர் வேனை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் போனார். ஆறாவது நாள் திரும்பி வந்து ஹாரன் அடித்தார். நான் வாசலுக்குப் போனேன். அலமாரி இல்லை. அந்த மூலையில் குறுகலான ஒரு கதவு. திறந்து, விளக்கைப் போட்டு, உள்ளே தட்டிக் காட்டினார்.

"அக்கா பாவம், சுகர்காரி. அதான் உடனே வச்சிட்டேன். இடத்த அடைக்கவே இல்ல பாரு. அடுப்பு அங்க, இது இங்க, வாஸ்துவும் சரியா வருது." முகமெல்லாம் பெருமை. "இத நாம முன்னாடியே யோசிச்சிருக்கலாம்."

"நான் யோசிச்சேன்" என்றேன். "சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."

அவர் கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கள்ளத்தனம் கொஞ்சமும் இல்லை. ஏதாவது இருக்கிறதா என்று நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

"எப்போ?" என்று கேட்டார்.