சட்டை விதானை

கொக்கட்டிச்சோலைச் சந்தியில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியில் தக்ஷாயினியின் அப்பா 'சட்டை விதானை கந்தப்போடி' ஆகியிருந்தார். மட்டக்களப்பில் வயல்வெளிக்கு வட்டை என்று பெயர். அதன் தண்ணீருக்கும் வேலிக்கும் பொறுப்பாக நிற்பவர் வட்டை விதானை. அந்த ஊரில் இதை அறியாதது ஒன்றே ஒன்றுதான்: அச்சகத்துக் கணினி.

"போடியார் தையல்கடையும் வச்சிருந்தவரோ?" என்று செத்த வீட்டில் ஒருவர் கேட்டார். அழ வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மரியாதையாவது மிஞ்சியது.

தக்ஷாயினி அச்சகம் வைத்திருந்த வினாயகமூர்த்தியிடம் நேரே போனாள்.

"நான் வட்டை எண்டுதான் அடிச்சன் புள்ள. கொம்பியூட்டர்தான் சட்டையாக்கிட்டு. அது படிச்ச சாமான், பிழை விடுமா?"

"அந்தத் திருத்தத்த நிப்பாட்டி வைங்களன் அண்ணன்."

"நிப்பாட்டினா என்ட எழுத்த ஆர் திருத்திற? நினைவு மலரையும் என்னட்டயே தாங்க, வடிவா அடிச்சுத் தாறன்."

பக்கத்தில் வேறு அச்சகம் இல்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மலர் வேண்டும். அதிலும் அப்பா சட்டை விதானையாகவே நிற்கப் போகிறார் என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

அந்தக் கணினியில் இருந்த எழுத்துத் தொகுப்பி அவளுக்குப் புதிதல்ல. பல நாட்டார் சேர்ந்து சும்மா எழுதி, எவருக்கும் சும்மா கொடுக்கும் மென்பொருள் அது. கல்லடியில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கும் தக்ஷாயினி சில வருடங்களாக அதில் வழுத் திருத்தி வந்தாள். அவளுடைய பெயரில் உள்ள 'க்ஷா'வை, அழிக்கும் விசையின் ஒரே தட்டில் முழுதாக விழுங்கிவிடும் பழுதில் தொடங்கிய பழக்கம். தம்பி உதயரூபன் அதை "அக்காட சிரமதானம்" என்பான்.

வட்டையைச் சொற்பட்டியலில் சேர்க்கும்படி அவள் முன்மொழிந்தாள். தமிழ்ச் சொற்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் வெளிநாட்டில் குடியிருந்தார். தனக்குத் தானே 'தமிழ்க்காவலன்' என்று பெயர் சூட்டிக்கொண்டவர். 'இது கொச்சை. தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். சட்டை என்பதே பொருந்தும்' என்று எழுதினார். அவள் வாய்க்கால் கரைகளில் வட்டைப் பெயர் எழுதி நட்டிருந்த பலகைகளைப் படமெடுத்து அனுப்பினாள். 'பலகை எழுதுவோர் பிழை விடுவது வழமை' என்று முன்மொழிவை மூடிவிட்டார். காலில் சேறு படாத மனிதர், சேற்றுக்கு என்ன பெயர் என்று தீர்ப்புச் சொன்னார்.

"செத்த மனிசனுக்கு எழுத்துப் பிழையா அக்கா வருத்தம்?" என்றான் உதயரூபன்.

"அப்பா எண்டாச் சிரிச்சிருப்பார். எனக்குச் சிரிப்பு வரல்ல."

காவலனோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அவள் மென்பொருளின் நிரலைப் பார்த்தாள். அறியாத சொல்லைக் கண்டால் கேட்டபின்தான் மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கு அதில் ஏற்கெனவே இருந்தது. ஆங்கிலத்திடம் பணிவாகக் கேட்டது. தமிழ்ச் சொல் ஐகாரக் குறியில் முடிந்தால் மட்டும், அந்தக் குறியைச் சொல்லில் சேர்த்து எண்ணாமல், கேள்வியைத் தாண்டிப் போய்த் தானே மாற்றிவிட்டது. அதைத் திருத்தி அனுப்பினாள். நிரலுக்குப் பொறுப்பாக இருந்த, தமிழில் ஓர் எழுத்தும் அறியாத ஒரு பெண், எங்கோ குளிர் நாட்டில் இருந்து, பரிசோதித்துப் பார்த்து, நன்றி சொல்லி, புதிய வெளியீட்டில் சேர்த்தாள். கீழே தமிழ்க்காவலன் எழுதினார்: 'தமிழுக்கு நாம் செய்த இன்னொரு சாதனை.'

நாம்!

தக்ஷாயினி புதிய வெளியீட்டைக் கொண்டுபோய் வினாயகமூர்த்தியின் கணினியில் தானே ஏற்றினாள். அவர் மலரை அடிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே கை நின்றது.

"இஞ்ச பாருங்க புள்ள, வட்டைக்குக் கீழ சிவப்புக் கோடு போட்டுக் கேக்குது, சட்டையா எண்டு. ஓம் எண்டட்டா?"

"வேணாம் எண்டுங்க."

"இல்ல, அது நம்மள விட விசயம் தெரிஞ்சதுதானே..."

"அண்ணன், கையை எடுங்க."

'இல்லை' என்பதை அவளே அழுத்தினாள். சொல் மாறவில்லை. சிவப்புக் கோடும் அசையவில்லை. காவலன் இருக்கும்வரை அது அங்கேதான் நிற்கும். ஆனால் திரையில் விழும் கோடு கடதாசியில் விழாது. பக்கம் சூடாக வெளியே வந்தது: வட்டை விதானை கந்தப்போடி.